நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே

(பெங்களூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்பொழுது நாம் வழக்கமாகக் கிலோமீட்டர் கணக்கில் பேசுகிறோம். இந்நகரின் 'நம்ம மெட்ரோ' 2011 அக்டோபர் 20ஆம் நாள் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் தொடங்கப்பட்டது. முதற் கட்டம் 2017 ஜூனில் நிறைவெய்தியபொழுது அது 42 கிலோமீட்டராயிற்று. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறக்கப்பட்டதும் 96 கிலோமீட்டரைத் தொட்டது. இவை பெருமைப்பட வேண்டிய எண்கள்தாம். ஆனால் இன்று உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர நான் விரும்பும் அளவு, சில சென்டிமீட்டர் மட்டுமே. பயணி நிற்கும் தரைக்கும், அவர் ஏற வேண்டிய வண்டியின் தளத்துக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டையும் இடைவெளியையும் குறித்தே பேசவிருக்கிறேன்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தாயார் மல்லேசுவரத்தில் வசித்தார். அவருடைய தங்கை, என் சின்னம்மா, அல்சூரில் வசித்தார். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது என்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வீடுகளுக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர் தொலைவுகூட இராது. முழங்கால் மூட்டு தேய்ந்த பிறகு என் தாயாரால் பேருந்தின் முதற் படியில் காலைத் தூக்கி வைக்க இயலவில்லை. அதில் எவருடைய குற்றமும் இல்லை; எவரும் அவரை ஏற வேண்டாமென்று தடுக்கவுமில்லை. அவர் போவதைத் தாமாகவே குறைத்துக்கொண்டார், பிறகு நிறுத்திவிட்டார். அக்காளும் தங்கையும் திருமணங்களில் மட்டுமே சந்தித்துக்கொண்ட ஆண்டுகள் சில கழிந்தன. பொருளாதாரம் படித்த நானும் அதை ஒரு குடும்பச் செய்தியாகவே கருதியிருந்தேன். போக்குவரத்துக் கணக்கில் அது ஓர் இழப்பு என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தோன்றிற்று.

டிராம் கற்பித்த பாடம்

இந்தப் பிரச்சினை புதியதன்று. டிராம் வண்டி தோன்றிய நாளிலேயே இதுவும் தோன்றிவிட்டது. பெங்களூரில் டிராம் ஓடியதில்லை. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடிற்று. கல்கத்தாவில் 1873இல் குதிரை இழுத்த டிராமும், 1902 முதல் மின்சார டிராமும் ஓடத் தொடங்கின. டிராமின் தண்டவாளம் சாலையின் நடுவே செல்கிறது. பயணியோ சாலையின் ஓரத்தில் நிற்கிறார். வண்டி வந்து நின்றதும் அவர் இடையில் ஓடும் மற்ற வாகனங்களைக் கடந்து, நடுச்சாலையில் நின்று, உயரமான படியைப் பற்றி ஏற வேண்டும். ஆகவே ஏறுவதற்கு முன்பே ஓர் ஆபத்து, ஏறும்பொழுது மற்றோர் ஆபத்து என இரண்டு ஆபத்துகள் அமைந்தன.

இதற்கு மேனாட்டு நகரங்கள் கண்ட தீர்வு, தண்டவாளத்தை ஒட்டிச் சாலை நடுவிலேயே உயர்ந்த மேடை கட்டுவதும், வண்டியின் தளத்தைத் தாழ்த்துவதுமாகும். பிரான்சு நாட்டின் இரண்டு நகரங்களின் அனுபவம் இங்கே குறிப்பிடத்தக்கது. நாந்த் நகரில் 1985இல் புதிய டிராம் தொடங்கியது. அதன் தளம் உயரமானது. படியேறித்தான் செல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1987இல், கிரெனோபிள் நகரில் டிராம் தொடங்கியது. அங்கே மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் திட்ட நிலையிலேயே குரல் எழுப்பியதன் பயனாக, தாழ்தளம் கொண்ட வண்டி வடிவமைக்கப்பட்டது. நடைமேடையும் அதற்கேற்ப அமைக்கப்பட்டது. பின்னர் 1990களின் தொடக்கத்தில் நாந்த் நகரம் தன் பழைய வண்டிகளின் நடுவே தாழ்தளப் பெட்டி ஒன்றைத் தனியே இணைக்க நேர்ந்தது. ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். ஒரு நகரம் முதலிலேயே கேட்டுக்கொண்டது. மற்றொன்று பிறகு செலவிட்டுத் திருத்திக்கொண்டது.

இரண்டு துறைகளுக்கு நடுவே

இவ்வளவு எளிய செய்தி நடைமுறையில் ஏன் இவ்வளவு கடினமாகிறது? இதற்கு விடை பொறியியலைக் காட்டிலும் நிர்வாகத்தில் அதிகம் உள்ளது எனலாம். வண்டியை வாங்குபவர் ஒருவர். மேடையைக் கட்டுபவர் வேறொருவர். இருவருக்கும் தனித்தனி நிதி ஒதுக்கீடு, தனித்தனி ஒப்பந்தப்புள்ளி, தனித்தனி காலவரம்பு. வண்டியின் குறைபாட்டுக்கு ஒருவர் பொறுப்பு, மேடையின் குறைபாட்டுக்கு மற்றவர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உலகிலேயே மிகப் பெரிய டிராம் வலையமைப்பு அங்கேதான் உள்ளது. அதன் நிறுத்தங்கள் 1,600க்கும் அதிகம். அந்நாட்டின் 2002ஆம் ஆண்டு விதிகள், நிறுத்தங்கள் அனைத்தும் 2022 முடிவதற்குள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கவையாக வேண்டும் என்றன. வண்டிகளுக்கோ 2032 வரை காலம் தந்தன. அதாவது, ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இரண்டு பொருள்களுக்கு விதியிலேயே பத்தாண்டு வேறுபாடு! விக்டோரியா மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2020இல் அளித்த அறிக்கையின்படி, நிறுத்தங்களில் நூற்றுக்கு 27 மட்டுமே சமமட்ட மேடை கொண்டவை. வண்டிகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவையே தாழ்தளம் கொண்டவை. ஆனால் 2018-19இல், தாழ்தள வண்டி சமமட்ட மேடையில் வந்து நின்ற சேவைகள் நூற்றுக்கு 15 மட்டுமே.

மாணவர்கள் இந்தக் கணக்கை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். வண்டித் துறை தன் அறிக்கையில் ஒரு விழுக்காட்டை எழுதும்; சாலைத் துறை வேறொரு விழுக்காட்டை எழுதும். இரண்டும் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வரலாம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பயணிக்கு வேண்டியது இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சந்திப்பதாகும். அவ்வாறு சந்திக்கும் வாய்ப்பு, இரண்டு விழுக்காடுகளில் எது சிறியதோ அதைக் காட்டிலும் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். நூறு முறை நிறுத்தத்துக்கு வந்து, 85 முறை ஏற முடியாத சேவையை எவரும் நம்பி வேலைக்குச் செல்ல முடியாது.

மெட்ரோ நடைமேடை

இனி நமது நகருக்கு வருவோம். மெட்ரோவின் நடைமேடையும் பெட்டியின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் உள்ளன. நிலையங்களில் மின்தூக்கிகள் உண்டு. பார்வையற்றோருக்காகப் புடைப்புகள் கொண்ட தரை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஜப்பானியரான செய்ச்சி மியாகே 1965இல் கண்டறிந்து, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த ஓடுகளின் வழித்தோன்றல்களே இவை. நீண்ட கோடுகள் உள்ள ஓடு வழியைக் காட்டும். வட்டப் புடைப்புகள் உள்ள ஓடு, 'நில், இதற்கப்பால் ஆபத்து' என்று காலுக்கும் கைத்தடிக்கும் அறிவிக்கும்.

மல்லேசுவரத்துக்கு அருகிலுள்ள சம்பிகே சாலை நிலையத்திலிருந்து மெஜஸ்டிக்கில் வண்டி மாறி அல்சூர் செல்லும் வசதி 2017 ஜூனில் முழுமை பெற்றது. என் தாயார் மீண்டும் தங்கை வீட்டுக்குச் செல்லத் தொடங்கினார். முதல் நாள் நான் உடன் சென்றேன். கதவு திறந்ததும் அவர் நின்றுவிட்டார். குனிந்து, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே தெரிந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். நாம் ஒரே அடியில் தாண்டிவிடும் அந்தக் கோடு அவருக்கு ஒரு வாய்க்காலாகத் தோன்றிற்று. பின்னால் நின்ற கல்லூரி மாணவி ஒருவர் கையை நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றார்.

அந்தக் கோடு ஏன் இருக்கிறது என்பதை விளக்க வேண்டும். ஓடும் வண்டி பக்கவாட்டில் சிறிது அசையும். அது மேடையில் உரசாதிருக்க ஓர் இடைவெளி தேவை. தண்டவாளம் வளைந்து செல்லும் இடத்தில் நடைமேடையும் வளைவாக இருக்கும், பெட்டியோ நேரானது. வில்லின் மீது நாணை வைத்தாற் போல, பெட்டியின் நடுப்பகுதியிலோ முனைகளிலோ இடைவெளி கூடிவிடும். லண்டன் சுரங்க ரயிலில் 1960களின் இறுதியிலிருந்து இடைவெளியைக் கவனிக்குமாறு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்யப்பட்டு வருவது பெரும்பாலும் இத்தகைய வளைந்த நிலையங்களின் பொருட்டேயாகும்.

உயர வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. மெட்ரோ பெட்டியின் புதிய சக்கரம் பொதுவாக 860 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; தேய்ந்து தேய்ந்து 780 மில்லிமீட்டர் வரை வந்த பின்னரே அது மாற்றப்படும். விட்டம் 80 மில்லிமீட்டர் குறைந்தால் பெட்டியின் தளம் 40 மில்லிமீட்டர் தாழும். பெட்டியைத் தாங்கும் காற்றுப் பைகளும் இடைத்தகடுகளும் இதைச் சரிசெய்யப் பயன்படுகின்றன. அவற்றை உரிய காலத்தில் பராமரிக்க வேண்டும். ஆகவே, சமமட்டம் என்பது திறப்பு விழா நாளில் ஒரு முறை அடைந்துவிடும் நிலையன்று. ஆண்டுதோறும் அளந்து காக்க வேண்டிய நிலை அது. 40 மில்லிமீட்டர் என்பது நம் இரண்டு விரல் அகலம். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் தடுக்கி நிற்க அது போதும். முதியவரின் கால்விரல் இடறவும் போதும்.

விழாமல் காப்பது

ஏறுவதில் உள்ள சிரமம் ஒருபுறம். மேடையிலிருந்து தண்டவாளத்தில் விழும் ஆபத்து மறுபுறம். நம்ம மெட்ரோவில் மின்சாரம் மேலே செல்லும் கம்பியில் அன்றி, தரைமட்டத்தில் உள்ள மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் அழுத்தத்தில் செல்கிறது. எனவே கீழே விழுந்தவருக்கு வண்டியால் மட்டுமன்றி மின்சாரத்தாலும் ஆபத்து. 2024 ஆகஸ்டு தொடக்கத்தில் பையப்பனஹள்ளி நிலையத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தண்டவாளத்தில் தவறி விழுந்தது. பணியிலிருந்தவர்கள் அவசர விசையை இயக்கி உடனே மின்னோட்டத்தைத் துண்டித்தனர், குழந்தை காப்பாற்றப்பட்டது. அந்தப் பணியாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். எனினும், ஒரு மனிதரின் விழிப்பை மட்டுமே எக்காலத்துக்கும் நம்பியிருக்க இயலாது.

நடைமேடையின் விளிம்பில் கதவுகள் அமைப்பது இதற்கு நிலையான தீர்வாகும். சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரில் 1961லேயே இத்தகைய நிலையம் கட்டப்பட்டது. சிங்கப்பூர் 1987இல் தன் சுரங்க நிலையங்களில் இவற்றை அமைத்தது. இந்தியாவில் 2011இல் தில்லி விமான நிலையத் தடம் முன்னோடியாயிற்று. சென்னையில் 2017 மே மாதம் சுரங்கத் தடம் திறக்கப்பட்டபொழுதே நிலையங்களில் கதவுகள் இருந்தன. பெங்களூரின் முதற் கட்டம் இவையின்றிக் கட்டப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் இளஞ்சிவப்புத் தடத்துச் சுரங்க நிலையங்களுக்குத் திட்ட நிலையிலேயே கதவுகள் சேர்க்கப்பட்டன.

பழைய நிலையங்களில் இவற்றைப் பிறகு பொருத்துவது எளிதன்று. வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் துல்லியமாக நிற்க வேண்டும். கதவுகளின் எடையையும், கூட்டத்தின் நெருக்கத்தையும், உயர்த்தப்பட்ட நிலையங்களில் காற்றின் விசையையும் மேடையின் விளிம்பு தாங்க வேண்டும். இரவில் சேவை நிற்கும் சில மணி நேரத்தில் மட்டுமே வேலை செய்ய இயலும். தொடக்கத்தில் வரைபடத்தில் ஒரு கோடாக இருந்திருக்கக்கூடியது, பின்னர் ஒரு தனித் திட்டமாகவே வளர்ந்துவிடுகிறது.

பார்வையற்றவருக்கு உள்ள ஆபத்து ஒன்றையும் கூற வேண்டும். இரண்டு பெட்டிகள் இணையும் இடத்தில் உள்ள வெற்றிடத்தைத் திறந்த கதவு என்று கைத்தடி தவறாக உணர்த்தக்கூடும். அவர் அதனுள் காலெடுத்து வைத்தால் நேரே தண்டவாளத்தில்தான் விழுவார். பெட்டிகளுக்கு இடையே தடுப்பு அமைப்பது அதிகச் செலவில்லாத வேலை. ஆனால் பார்வையற்ற ஒருவரை அழைத்து வந்து சோதித்துப் பார்த்தாலன்றி, கண்ணுள்ள நமக்கு இது தோன்றுவதில்லை.

சாலையில் நிற்கும் பயணி

இந்நகர மக்களில் மிகப் பலருக்குப் பயண வாகனம் பேருந்துதான். நமது நாட்டில் நெடுங்காலம் லாரிக்கான அடிச்சட்டத்தின் மீதே பேருந்தின் உடல் கட்டப்பட்டு வந்தது. அதனால் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் அமைந்தது. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2006இல் தாழ்தளப் பேருந்துகளைக் கொண்டுவந்தது. அவற்றின் தளம் சுமார் 40 சென்டிமீட்டர் உயரமே. இது ஒரு நல்ல திருப்பம். ஆயினும் அவை குளிர்சாதன வசதியுடன் கூடிய, கட்டணம் மிகுந்த சேவைகளாகவே நெடுநாள் இருந்தன. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சக்தித் திட்டத்தின் கீழ்ப் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கட்டணம் என்னும் தடை நீங்கியதும் படி என்னும் தடை முன்னிலும் தெளிவாகத் தெரிகிறது. படியில் காலைத் தூக்கி வைக்க இயலாத மூதாட்டிக்கு இலவசச் சீட்டினால் பயனில்லை. 2023 டிசம்பர் முதல் சாதாரணச் சேவையிலும் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சேர்க்கப்பட்டிருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. சென்னையிலும் உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கை ஒட்டி, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

ஆனால், தாழ்தளப் பேருந்து நடைபாதையை ஒட்டி நிற்காமல், இரண்டு மீட்டர் தள்ளிச் சாலையில் நின்றால் என்ன பயன்? பயணி நடைபாதையிலிருந்து இறங்கி, சாலையில் நின்று, மீண்டும் ஏற வேண்டும். நூறாண்டுக்கு முந்திய டிராம் பயணியின் நிலையும் இதுவேதான். பேருந்து ஒட்டி நிற்காததற்கு ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நிறுத்தத்தில் ஆட்டோக்களும் பிற வாகனங்களும் நிற்கின்றன. நடைபாதையின் விளிம்பு ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் சிதைந்தும் உள்ளது. பேருந்து ஒரு நிறுவனத்துடையது, நடைபாதை மாநகராட்சியுடையது, வாகனங்களை அப்புறப்படுத்தும் பொறுப்பு போக்குவரத்துக் காவல் துறையுடையது.

இம்மூன்றையும் ஒருங்கே திட்டமிட முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஹூப்பள்ளிக்கும் தார்வாடுக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர் தொலைவுக்கு அமைக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில், 2018இல் 'சிகரி' பேருந்துகள் ஓடத் தொடங்கின. சாலையின் நடுவே நிலையம். நிலைய மேடையும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். 2009இல் அகமதாபாத்தில் தொடங்கிய ஜன்மார்க் தடமும் இவ்வாறே அமைந்தது. டிராம் இல்லாமலே டிராம் நடைமேடையின் நன்மையை இவை அளித்தன. சாலை நடுவே உள்ள மேடைக்குப் பயணி பாதுகாப்பாகக் கடந்து செல்வதற்குரிய வழி தேவை என்னும் பழைய சிக்கலும் இவற்றோடு கூடவே வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

செலவா, சேமிப்பா?

இந்த வசதிகள் ஒரு சிறு பிரிவினருக்கானவை, அவற்றுக்கு இவ்வளவு செலவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதார மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை.

முதலாவதாக, அப்பிரிவு சிறியதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். இவர்களோடு கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், சுமையோடு வருபவர்கள், கால் சுளுக்கியவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, சமமட்டத்தில் ஏறும் வசதி வண்டி நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது. கணக்குக்காக, 30 நிறுத்தங்கள் உள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். படியேறுதல் இல்லாததால் நிறுத்தம் ஒன்றுக்கு 10 விநாடி மிச்சமானால், ஒரு நடைக்கு 5 நிமிடம் மிச்சம். நாளொன்றுக்கு 10 நடை செல்லும் பேருந்துக்கு 50 நிமிடம் கிடைக்கிறது. அதே பேருந்தையும் அதே பணியாளரையும் கொண்டு இன்னொரு நடை ஓட்ட அது ஏறத்தாழப் போதுமானது. இந்த நன்மை அனைத்துப் பயணிகளுக்கும் உரியது.

மூன்றாவது காரணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நமது ஆய்வுகள் வண்டியில் ஏறியவர்களை எண்ணுகின்றன. ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எண்ணுவதில்லை. அதனால் 'சக்கர நாற்காலியில் வருபவர் எவருமில்லையே, சாய்தளம் எதற்கு?' என்ற கேள்வி பிறக்கிறது. பாலம் இல்லாத ஆற்றை எத்தனை பேர் கடந்தனர் என்று எண்ணி, பாலம் தேவையில்லை என்று முடிவு செய்வது போன்றது இது. என் தாயார் பயணத்தை நிறுத்திய ஆண்டுகளில் எந்தப் புள்ளிவிவரமும் மாறவில்லை. வேலைக்குச் செல்ல இயலாத இளைஞரின் வருமானம், அவரை அழைத்துச் செல்ல விடுப்பெடுக்கும் தந்தையின் ஊதியம், ஆட்டோவுக்குச் செலவாகும் பணம் ஆகிய யாவும் குடும்பங்களின் கணக்கில் இழப்பாகச் சேர்கின்றன. அரசின் கணக்கில் அவை தோன்றுவதேயில்லை.

சட்டம் கூறுவது

நம் சட்டமும் இத்துறையில் படிப்படியாக வளர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம், போக்குவரத்து நிறுவனங்கள் ரயில் பெட்டிகளையும் பேருந்துகளையும் தக்கவாறு மாற்றியமைக்க வேண்டும் என்றது. ஆயினும் தங்கள் பொருளாதார ஆற்றலின் வரம்புக்குள் என்று ஒரு சொற்றொடரையும் சேர்த்திருந்தது. வரம்பு எது என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ள இது இடமளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டபொழுது, அணுகத்தக்க போக்குவரத்து அரசின் கடமையாயிற்று. ஆனால் பழைய வாகனங்களை மாற்றியமைப்பதில் தொழில்நுட்பமும் செலவும் இடம்தர வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்தது. 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அலுவலர்களாகிய நமக்கு இனி இது கருணையின் பாற்பட்ட செய்தியன்று, கடமையின் பாற்பட்டது.

இடைவெளியை அசட்டை செய்தால் விளைவது என்ன என்பதற்கு மும்பை சாட்சி. 2014 ஜனவரியில் காட்கோபர் நிலையத்தில் ஓடும் புறநகர் ரயிலில் ஏற முயன்ற 16 வயது மாணவி ஒருவர், மேடைக்கும் வண்டிக்கும் இடையே விழுந்து இரண்டு கைகளையும் இழந்தார். நீதிமன்றமும் தலையிட்டது. அதன் பிறகு மும்பைப் புறநகர் நிலையங்களின் மேடைகளை 84 சென்டிமீட்டரிலிருந்து 90 சென்டிமீட்டருக்கும் மேலாக உயர்த்தும் வேலை முடுக்கிவிடப்பட்டது. சில சென்டிமீட்டரின் விலை என்னவென்று அந்நகரம் மிகத் தாமதமாக அறிந்துகொண்டது.

இனிச் செய்ய வேண்டியவை

பெங்களூர் இன்று ஒரு நல்வாய்ப்பின் முன் நிற்கிறது. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல் பெற்று, 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்ட புறநகர் ரயில் திட்டம், நான்கு தடங்களில் 148 கிலோமீட்டர் நீளமுடையது. 57 நிலையங்கள் அத்திட்டத்தில் இடம்பெற்றன. சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக என்று மலர்களின் பெயர்களைத் தடங்களுக்குச் சூட்டியுள்ளனர். அழகான பெயர்கள். அந்த நடைமேடைகளும் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்தால் பெயருக்கேற்ற பெருமை கிட்டும். இதற்காக நான்கு யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: எந்தத் திட்டத்திலும், மேடைக்கோ வண்டிக்கோ ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், தளத்தின் உயரமும் அனுமதிக்கத்தக்க இடைவெளியும் ஒரே ஆவணத்தில் குறிக்கப்பட்டு, இரு தரப்பினராலும் கையெழுத்திடப்பட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் பதவிப் பெயரோடு குறிப்பிடப்பட வேண்டும்.

இரண்டு: ஆண்டறிக்கைகளில் தாழ்தள வண்டிகளின் எண்ணிக்கையையும் திருத்தப்பட்ட நிறுத்தங்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே தருவதோடு நின்றுவிடாமல், இரண்டும் சந்தித்த சேவைகள் எத்தனை என்பதையும் மெல்போர்ன் தணிக்கையாளரைப் போல வெளியிட வேண்டும்.

மூன்று: நடைமேடையின் உயரத்தையும் இடைவெளியையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளந்து பதிவு செய்ய வேண்டும். பாதையின் சரளைக்கல்லை உயர்த்தினாலோ சாலைக்கு மேன்மேலும் தார் போட்டாலோ அளவு மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்கு: திறப்பு விழாவுக்கு முன்பே, சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், முதியவர், கைக்குழந்தையோடு வரும் தாய் ஆகியோரைக் கொண்டு நிலையத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாலையின் நடைபாதையிலிருந்து இருக்கை வரை அவர்கள் பிறர் உதவியின்றிச் சென்று சேர்ந்தால் மட்டுமே பணி முடிந்ததாகக் கருத வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் பேருந்துக்காகவோ ரயிலுக்காகவோ காத்திருக்கையில், கையில் ஓர் அடிக்கோலை எடுத்துச் செல்லுங்கள். வண்டி வருமுன் நடைபாதையின் உயரத்தை அளவிடுங்கள். பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் முதற் படியின் உயரத்தை அளவிடுங்கள். மெட்ரோவில் விளிம்புக்கு அருகே செல்ல வேண்டாம். கதவு திறக்கும்பொழுது யார் யார் ஒரு கணம் தயங்கி நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். பத்து நிறுத்தங்களின் அளவுகளைத் திரட்டி உங்கள் பகுதியின் அலுவலருக்கு எழுதுங்கள். அலுவலக நண்பர்களே, அத்தகைய கடிதம் உங்கள் மேசைக்கு வருமாயின், அது வேறு துறைக்குரியது என்று எழுதித் திருப்பிவிடாதீர்கள்.

என் தாயாருக்குக் கை கொடுத்த மாணவியின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும், அந்த மாணவி அன்று வராதிருந்தாலும் என் தாயார் தாமே ஏறிச் சென்றிருக்க வேண்டும். திட்டமிடுவோராகிய நமது வேலை அதுவே.